நெவில் மணியடிக்கும் முன்

இன்னும் நாலு பேர். அவர்கள் முடித்தால் நான். கூடாரத்துத் தூணில் சாய்த்து வைத்த கரும்பலகையில் ஐந்தாவது பெயராக 'டாக்டர் வல்' என்று எழுதியிருக்கிறது. செண்பகவல்லி என்று முழுசாக எழுத இந்த ஊரில் யாருக்கும் சாக்பீசும் போதாது, பொறுமையும் போதாது; வந்த முதல் வாரமே வல் ஆக்கிவிட்டார்கள். கோவில்பட்டி அம்மன் பெயரை வைத்த அப்பா இதைக் கேட்டிருந்தால் அம்மனிடம் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார். மன்னிப்பு. வேண்டாம், அந்தச் சொல்லுக்கு இப்போது போக வேண்டாம். மடியில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி இருக்கிறது, உள்ளே பொரித்த முட்டையும் வெங்காயமும், சூடு சேலை வழியாகத் தொடையில் இறங்குகிறது. ஒரு கடி கடிக்கவில்லை. எனக்குப் பசி வராத நாள் ஐம்பத்திரண்டு வயதில் எண்ணி மூன்றோ நாலோதான் இருக்கும். காலை ஏழே முக்கால். வெளியே தைலமரங்களில் இளஞ்சிவப்புக் கிளிகள் சந்தைக்கடை போல இரைகின்றன. கடலிலிருந்து ஆறு மணி நேரம் வண்டியோட்டினால் வருகிற குன்னராங் என்ற ஆட்டு ஊர் இது. ஈஸ்டர் விடுமுறையில் நாட்டுப்பாட்டுத் திருவிழா நடக்கும். பிடில்காரர்கள், தாடிக்காரர்கள், தாடி வைத்த பிடில்காரர்கள் எல்லோரும் வந்து கூடாரம் போட்டுக்கொள்வார்கள். அதில் சனிக்கிழமை காலை மட்டும் வாத்தியம் கிடையாது. கவிஞர்களின் காலைச் சாப்பாடு என்று பெயர். வைக்கோல் கட்டுகளில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே கவிதை கேட்பது. இருநூறு பேர் மென்றுகொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் மெல்லவில்லை.

அவர்கள் இதை புஷ் கவிதை என்கிறார்கள். நான் காட்டுக்கவிதை என்று வைத்துக்கொண்டேன், எங்கள் கரிசல் பக்கம் புஞ்சைக்குப் போவதைத்தானே காட்டுக்குப் போகிறேன் என்போம். ஆடு, நாய், மழை வராத வருஷம், மழை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போன வருஷம், இவைதான் பொருள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு தாளம், வரிக்கடைசியில் ஓசை ஒத்து வர வேண்டும். முதல் தடவை கேட்டபோதே கால் தானாகத் தட்டியது. கழுகுமலைக்குக் காவடி போகிற கூட்டத்தோடு நடந்த கால் அல்லவா. விதிகள் மூன்றே மூன்று. காகிதம் கூடாது, மனப்பாடமாகத்தான் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம். மணி அடித்தால் பாதி வரியானாலும் இறங்கிவிட வேண்டும். அந்த மணி மேடைக்கு வலதுபுறம் ஒரு மர முக்காலியில் இருக்கிறது, பழைய மாட்டு மணி, நாக்கு இரும்பு. அதன் பக்கத்தில் மணிக்காரர் இருக்கிறார். பார்க்காதே. பார்த்தாகிவிட்டது. நெவில். அகலத் தொப்பி, முழங்காலில் இரண்டு கை, மணிக்கட்டில் கடிகாரம், முகத்தில் ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷமாக அவர்தான் மணி அடிக்கிறார். மேயருக்கு அடித்திருக்கிறார். செத்துப்போன மச்சானைப் பற்றிச் சொந்தத் தங்கை அழுதுகொண்டே சொன்ன கவிதைக்கு அடித்திருக்கிறார். பெண்டாட்டி ஜாய்ஸுக்கு ஒவ்வொரு வருஷமும் அடித்திருக்கிறார், அந்த அம்மாள் ஒரு தடவைகூட ஐந்து நிமிடத்துக்குள் முடித்ததில்லை. மணி அடித்ததற்குத் தண்டனையாக நெவிலுக்கு ஒரு வாரம் வீட்டில் இனிப்புக் கிடையாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதெல்லாம் அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்த காலம். இப்போது ஐந்து மாதமாகப் பேச்சு இல்லை.

தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது, இதில் பங்காளி கிடையாது. அக்டோபரில் ஊர்க் கண்காட்சி. ஆட்டுக்கிடா, பூசணிக்காய், கேக் எல்லாவற்றுக்கும் பரிசு கொடுப்பார்கள். அதில் நாய் தாண்டும் போட்டி ஒன்று. பிக்கப் வண்டியின் பின்னால் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள், நாய் ஓடிவந்து ஏறித் தாண்டி வண்டிக்குள் குதிக்க வேண்டும். நெவிலின் நாய் பட்டன் மூன்று வருஷம் முதல் பரிசு. ஒன்பது வயது ஆகிவிட்டதால் இதுதான் கடைசித் தடவை என்று ஊருக்கே தெரியும், வேலிமேல் ஏறி நின்று பார்த்தார்கள். நான்தான் மாட்டு டாக்டர் என்பதால் நாய்களைப் பரிசோதித்து மைக்கில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னேன். 'பட்டன் நல்ல ஆரோக்கியம், முன்னைக்கு இப்போ நல்லா குண்டாகிவிட்டது, நெவிலும் அதே மாதிரி நல்லா குண்டாகிவிட்டார், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.' இங்கிலீஷ் தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னேன், அதுதான் இன்னும் மோசம். ஜாய்ஸ் இறந்துபோனபின் அவர் என்னவாக இருந்தார் என்று நான் பார்த்தேன். பெட்ரோல் பங்கில் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. ஒரு வருஷம் அப்படி. அப்புறம் ஜாய்ஸ் எழுதி வைத்திருந்த சமையல் நோட்டைப் பார்த்து அவரே ஆட்டுக்கறிக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார், பாதி அவருக்கு, பாதி பட்டனுக்கு. இரண்டு பேருக்கும் கன்னம் வந்தது. அன்றைக்குக் காலை வெயிலில் அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று 'ஏ மாமா, நல்லா ஒடம்பு தேறிட்டீயளே' என்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டேன். இருநூறு மைல் சுற்றுவட்டாரமே சிரித்தது. நெவில் குனிந்து பட்டனைத் தூக்கினார், வண்டியின் முன்சீட்டில் வைத்தார், போய்விட்டார். அந்த நாய் கடைசித் தடவை தாண்டவே இல்லை.

அதற்கப்புறம் எலுமிச்சம்பழம் நின்றது. வாரம் ஒரு பை எங்கள் கேட்டில் தொங்கும், ஜாய்ஸ் நட்ட மரத்துப் பழம், நான் ஊறுகாய் போட்டு ஒரு பாட்டில் அவர் கேட்டில் வைப்பேன். பை நின்றது, நான் வைத்த பாட்டில் வைத்த இடத்தில் ஒரு மாதம் இருந்து எறும்பு ஏறியது. பட்டனின் தடுப்பூசிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வேறு டாக்டரிடம் போகிறார். நேரே போய் மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, வல்' என்று சொல்லி வலைக்கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றுமில்லை என்று இந்த ஊர் ஆட்கள் சொன்னால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் திருவிழாவை நடத்துகிற ட்ரூடிதான் உடைத்துச் சொன்னாள். 'குண்டுன்னதுக்காக இல்ல வல். பொண்டாட்டி போய் ரெண்டு வருஷத்துல ஆளு நல்லா தின்னு கொழுத்துட்டான்னு ஊரு சிரிச்ச மாதிரி அவனுக்குப் பட்டுருச்சு.' அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் ட்ரூடி சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. 'நேர்ல கேட்டா எங்காளுங்களுக்குக் கூச்சம். பாட்டாக் கேளு. பாட்டுல கேட்டா காது கொடுத்துத்தான் ஆகணும், மணிக்காரன் எந்திரிச்சுப் போக முடியாதுல்ல.' முடியாதுதான். அதனால்தான் அவர் அங்கே, நான் இங்கே, நடுவில் இன்னும் மூன்று பேர். ஒருவர் முடித்துவிட்டாரா? முடித்துவிட்டார். கைதட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன், என்ன சொன்னார் என்று தெரியாது, வெள்ளத்தில் போன கழிப்பறையைப் பற்றி என்னவோ.

'வல்லி, அதத் தின்னு. வெறும் வயித்தோட ஏறுனா தல சுத்தும்' என்கிறார் பக்கத்தில் என் வீட்டுக்காரர். சிவகுருநாதன், சங்கரன்கோவில், இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். 'எறங்கி வந்து திங்கேன்' என்கிறேன். 'எறங்கி வரும்போது ஆறிப் போயிரும்.' 'ஆறட்டும்.' 'ஒரு தடவதான் சொல்லணும், ஞாபகம் இருக்கா?' இருக்கிறது, எப்படி மறக்கும், ஒரு மாதமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டார். என் கவிதையில் பத்துப் பாட்டு. ஒவ்வொரு வரியையும் ஒரு தடவை சொன்னால் மூன்று நிமிடம். இரண்டிரண்டு தடவை சொன்னால் ஆறு நிமிடம். ஆறு நிமிடம் என்றால் ஒன்பதாவது பாட்டில் மணி அடித்துவிடும். மன்னிப்பு இருப்பதோ பத்தாவது பாட்டில். ஒன்பதாவதில் நின்றுபோனால் என்ன ஆகும்? ஊர் முன்னால் அவரை இரண்டாம் தடவையும் குண்டு என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தது மாதிரி ஆகும். அப்புறம் நான் இந்த ஊரில் ஆட்டுக்குக்கூட ஊசி போட முடியாது. மன்னிப்பை முன்னால் வைத்தால் என்ன என்று கேட்டார், கணக்கு வாத்தியார் அல்லவா. விடையை முதலில் எழுதினால் கணக்கு எங்கே இருக்கிறது என்றேன். அது சரி என்று தலையாட்டினார். ஒரு தடவை சொல்லு, அவ்வளவுதான். ஒரு தடவை.

ஆனால் என் நாக்குக்கு ஒரு தடவை என்றால் என்னவென்றே தெரியாது. நாமக்கல்லில் மாட்டு வைத்தியம் படித்தபோது நான் கவியரங்கக் கவிஞர், சும்மா இல்லை. பொங்கலுக்கு ஒன்று, ஆண்டு விழாவுக்கு ஒன்று, பசுவின் நாலு வயிற்றைப் பற்றிக்கூட ஒன்று. கவியரங்கத்தில் எந்த வரியையும் ஒரு தடவை சொல்லி விட்டுவிட மாட்டார்கள். ஒரு தடவை நிதானமாகச் சொல்ல வேண்டும், கூட்டத்தைப் பார்க்க வேண்டும், 'ஆகா' என்று ஒரு குரல் வரும், மறுபடி கொஞ்சம் இழுத்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்காக என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. அடுத்த வரி என்ன என்று தேடுவதற்காக. வாய் பழைய வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மூளை உள்ளே ஓடிப்போய்ப் புது வரியை எடுத்து வரும். அப்படித்தான் ஒரு சித்திரைத் திருவிழாக் கவியரங்கில், எனக்கு இருபத்திரண்டு வயது, பச்சைப் பட்டு, மூளை உள்ளே ஓடியது, திரும்பி வரவில்லை. 'மண்ணே எங்கள் தாயே' என்று ஒரு வரி. சொன்னேன், ஆகா என்றார்கள். மறுபடி சொன்னேன். வரவில்லை. மூன்றாம் தடவை இன்னும் உருக்கமாகச் சொன்னேன், கைதட்டினார்கள். ஐந்தாம் தடவை ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழாம் தடவை முன்வரிசையில் ஒரு ஆள் எழுந்து, 'ஏ தாயீ, மண்ணு இங்கனயேதான் கெடக்கு, அடுத்த வரிக்கு வா' என்றான். அன்றைக்கு இறங்கியவள்தான். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மூன்று ஊர், ஒரு கண்டம் எல்லாம் மாறியாகிவிட்டது, மேடை ஏறவில்லை. ஒரு வேளை இன்றைக்கும் மூளை உள்ளே போய் வராவிட்டால்? 'பட்டன் என்னும் நாயொருத்தன்.' இருக்கிறது. அடுத்தது? 'எட்டடுக்குப் பலகையெல்லாம்.' இருக்கிறது. ஐந்தாம் பாட்டு? ஐந்தாம் பாட்டு எங்கே. கருநாய், காது, காற்று, இல்லை அது நாலு. சட்டை. சட்டைக்குள்ளே. இருக்கிறது, இருக்கிறது.

பாட்டு தமிழில்தான் முதலில் வந்தது, பாதையில். பண்ணைக்குப் பண்ணை போக நாற்பது கிலோமீட்டர், ஐம்பது கிலோமீட்டர் தனியாக ஓட்ட வேண்டும். வண்டிச்சக்கரம் தாளம் போட சிந்து சிந்தாக வந்து விழுந்தது. பிறகு அதே ஓட்டத்துக்கு இங்கிலீஷில் மாற்றினேன், அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. மேடையில் சொல்லப்போவது இங்கிலீஷ். உள்ளே ஓடுகிறது தமிழ். ஸ்டியரிங்கிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அது ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது பாடுகிற ஆள் யார்? மூன்றாவது ஆளா, நாலாவதா? ஒல்லியான மனிதர், பஞ்சத்தைப் பற்றிச் சொல்கிறார், மாட்டை விற்ற வரியில் குரல் உடைகிறது, ஒருத்தரும் மெல்லவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. இதே மாட்டை என் அப்பாவும் விற்றிருக்கிறார், எட்டயபுரம் சந்தையில், திரும்பி வரும்போது வெறும் கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். டங், டங். நெவில் அடித்துவிட்டார். மாட்டை விற்றவர் முடிக்க ஒரு வரி பாக்கி. ஒரே ஒரு வரி. பாவி மனுஷா, ஒரு வரி. கூட்டம் சிரித்துக்கொண்டே 'அடடா' என்கிறது, ஒல்லி மனிதர் தொப்பியைத் தூக்கி வணங்கிவிட்டு இறங்குகிறார், அவருக்குக் கோபமில்லை, விதி விதிதான். எனக்குத்தான் உள்ளங்கை வேர்க்கிறது. ரொட்டிக் காகிதம் நனைந்துவிட்டது. 'அடுத்தது நம்ம டாக்டர் வல்' என்கிறாள் ட்ரூடி, 'ஆட்டுக்கு ஊசி போடுற கையி, இன்னைக்கு நமக்குப் போட வந்துருக்கு.' ரொட்டியைச் சிவா மடியில் வைக்கிறேன். எழுந்தேனா? எழுந்துவிட்டேன். கால் நடக்கிறது, சேலைக் கரையில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு வருகிறது, நான்கு படி.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் தொப்பி. தொப்பிகளுக்குக் கீழே வாய்கள். வலதுபுறம் பார்க்காதே. முக்காலிக்குக் கீழே பழுப்பாக ஒன்று படுத்திருக்கிறது, பட்டன், முகவாயை முன்னங்காலில் வைத்து என்னையே பார்க்கிறது. வாலை ஒரு தடவை தரையில் தட்டுகிறது. நாய்க்குக் கோபமில்லை. நாய்க்கு எப்போது இருந்தது. ஆரம்பி.

பட்டன் என்னும் நாயொருத்தன் பாய்ந்துவரும் வேகம் கண்டால்
எட்டடுக்குப் பலகையெல்லாம் இறங்கிநின்று வழிவிடுமே.

சொல்லிவிட்டேன். நன்றாகத்தான் விழுந்தது. அடுத்த வரிக்குப் போ. போ என்றால் நாக்கு போகவில்லை, கூட்டத்தைப் பார்க்கிறது, ஆகாவுக்குக் காத்திருக்கிறது. முப்பது வருஷம் தூங்கிய நாக்கு. இங்கே யார் ஆகா சொல்வார்கள். ஆகா வராததால் அதுவே மறுபடி சொல்கிறது, எட்டடுக்குப் பலகையெல்லாம், இழுத்து, தலையை ஆட்டி. கீழே சிவா இரண்டு விரலைத் தூக்கி ஒரு விரலை மடக்குகிறார், ஒரு தடவை, ஒரு தடவை. தெரிகிறது, நான் என்ன செய்ய. அடுத்த வரியும் இரண்டு தடவை வருகிறது. கூடாரத்தில் ஒரு குழப்பம், மறந்துவிட்டாள் என்று நினைக்கிறார்கள், முன்னால் வைக்கோல் கட்டில் ஒரு அம்மாள் எனக்கு எடுத்துக்கொடுக்கப் பார்க்கிறாள், அவளுக்குத் தெரிந்தால்தானே. அதற்கடுத்த வரியை நான் இரண்டாம் தடவை தொடங்கும்போது பின்னாலிருந்து ஒரு தாடிக்காரர், அவர் பாட்டுக்காரராக இருக்க வேண்டும், சேர்ந்து சொல்கிறார். அவர் இதைப் பல்லவி என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வரிக்குப் பத்துப் பேர். அடுத்ததற்கு ஒரு பக்கம் முழுக்க. நான் ஒரு தடவை சொல்கிறேன், கூடாரம் ஒரு தடவை சொல்கிறது, ரொட்டி தின்கிற வாயோடு சொல்கிறது, காலால் மரப்பலகையைத் தட்டிச் சொல்கிறது. அந்தச் சத்தத்துக்கு அடியில் என் மூளை நிதானமாக உள்ளே போய் அடுத்த வரியைக் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறது. பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது. காவடி தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி இருக்கிறது. ஐந்தாம் பாட்டு தானே வந்து நிற்கிறது.

சட்டைக்குள்ளே ஆளைத்தேடிச் சலித்ததுண்டு ஒருவருஷம்;
கட்டும்பெல்ட்டில் ஓட்டைநாலு கூடப்போட்டார் ஆணியாலே.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. திருப்பிச் சொல்கிறார்கள், மெதுவாகச் சொல்கிறார்கள், கூடப் போட்டார் ஆணியாலே என்று. அந்த வருஷத்து நெவிலை எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் அவர் பக்கம் திரும்பவில்லை, மரியாதை. ஆறாம் பாட்டில் ஜாய்ஸின் நோட்டு, அதில் மசால் பட்ட விரல் ரேகை. ஏழில் குழம்புச்சட்டி. எட்டில் பட்டன் அதை நக்கிப் பளபளப்பாக்கியது, இதற்குச் சிரிக்கிறார்கள். இப்போது நேரம் என்ன? சிவாவைப் பார்க்கிறேன், அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வாயைத் திறந்து கூட்டத்தோடு சேர்ந்து நாயைப் பாடிக்கொண்டிருக்கிறார், கணக்கு வாத்தியார். ஒன்பது. வந்துவிட்டது ஒன்பது.

கொட்டகைமுன் மைக்கெடுத்துக் கூட்டத்தின்முன் அன்றுநானே

கூடாரம் திருப்பிச் சொல்கிறது. 'பட்டனைப்போல் நெவிலுமிப்போ' என்கிறேன். பட்டனைப்போல் நெவிலுமிப்போ என்கிறது கூடாரம். அடுத்தது எனக்குத் தெரியும். மறக்கவில்லை, சத்தியமாக மறக்கவில்லை, நாக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது அந்தச் சொல். ஆனால் நான் வலதுபுறம் பார்த்துவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கை மணியின் பிடிக்குப் போகிறது. இந்த முகத்தைப் பார்த்தா அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்வது. 'பட்டனைப்போல் நெவிலுமிப்போ.' கூடாரம் சொல்கிறது. மறுபடி நான். மறுபடி கூடாரம், இந்த முறை பாதிப் பேர்தான். மண்ணே எங்கள் தாயே. இங்கனயேதான் கிடக்கிறது. நாலாவது தடவை நான் மட்டும் சொல்கிறேன், எனக்கே கேட்காத குரலில். நெவில் எழுந்து நிற்கிறார், மணி கையில் இருக்கிறது, இரும்பு நாக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. விதி விதிதான். முடிந்தது, இறங்கு வல்லி, ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வேறு ஊர் பார்.

'குண்டு' என்கிறார் நெவில்.

'நல்லா குண்டுன்னு சொன்னே' என்கிறார் அவர், கூட்டத்திடம் இல்லை, என்னிடம். 'வேலிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. அந்த எடத்துல அந்தச் சொல்லு இல்லாட்டி ஓசை நிக்காது, வல். சொல்லி முடி.' அப்படியே உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மணிமேல் கவிழ்த்து வைக்கிறார். பதினெட்டு வருஷத்தில் அந்த மணி மூடப்பட்டதை யாரும் பார்த்ததில்லை. கூடாரம் கூரை எழும்புகிற மாதிரி சிரிக்கிறது, அக்டோபர் மாதத்துச் சிரிப்பு இல்லை இது, இதில் அவரும் இருக்கிறார். 'பார்க்க நல்ல குண்டு என்றேன்' என்கிறேன் நான், 'பார்க்க நல்ல குண்டு என்றாள்' என்று இருநூறு பேரும் சொல்கிறார்கள். பத்தாவது பாட்டைக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. முக்காலியைப் பார்த்து, ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு தடவை.

எங்களூரில் இளைத்தஆள் எழுந்துதேறி வரும்பொழுது
அங்கமெல்லாம் பார்த்துச்சொல்வோம், அடுத்தநொடி சுற்றிப்போடுவோம்;
இங்கதனைச் சொன்னதுதான் என்பிழையே, நெவில்கேளாய்:
மங்கலமாய் இருக்கிறாய்நீ, மறுபடியும் அதுசொல்வேன்.

கைதட்டல் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது, சிவா கையைப் பிடித்து வைக்கோல் கட்டில் உட்கார வைத்தார். 'ஆறு நிமிஷம் அம்பது செகண்டு' என்றார். கண் கலங்கியிருந்தது, கேட்டால் வைக்கோல் தூசி என்பார். ட்ரூடி அடுத்த ஆளைக் கூப்பிடாமல் பத்து நிமிடம் இடைவேளை விட்டாள். எனக்கு எதிரே ஒரு ஜோடிப் பூட்சும் நாலு பழுப்புக் கால்களும் வந்து நின்றன. பட்டன் என் முழங்காலில் தலையை வைத்தது. தானாக என் கை அதன் விலா எலும்பைத் தடவிப் பார்த்தது, எலும்பு தட்டுப்படவில்லை, இன்னும் இரண்டு கிலோ ஏறியிருக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை. 'ரெண்டு கிலோ கூடியிருக்கான்' என்றார் நெவில். 'அந்த டாக்டரு கொழம்ப நிறுத்தச் சொல்லுதான். ஜாய்ஸ் கொழம்பப் பத்தி அவனுக்கு என்ன தெரியும். திங்கக்கெழம ஒங்கிட்ட கூட்டியாரவா?' வாருங்கள் என்று தலையை ஆட்டினேன். அவர் போகாமல் நின்றார். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். மேலிருந்து கீழ்வரை என்னை ஒரு தடவை பார்த்தார், மாடு வாங்க வந்தவர் மாதிரி நிதானமாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

'நீயும் நல்லா குண்டாயிட்ட, வல்.'

பக்கத்தில் இரண்டு அம்மாள்கள் காப்பியோடு நின்றுபோனார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஐயாயிரம் மைல் தள்ளி ஒரு மனிதர் எங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிறார். அடுத்து அவர் தன் இடதுதோளைத் திருப்பி 'த்தூ, த்தூ' என்று இரண்டு தடவை காற்றில் துப்பினார், சுற்றிப்போடுவதென்றால் என்னவென்று தெரியாமல் தானாக ஒன்று கண்டுபிடித்துக்கொண்டு, அதுவும் கிட்டத்தட்டச் சரியாக. 'எலுமிச்சம்பழம் மரத்துலயே அழுகுது' என்று சொல்லிவிட்டு மணியிடம் போனார், பட்டன் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் போனது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சிவா குனிந்து மெதுவாகக் கேட்டார்: 'இருவத்தாறு வருஷமா இதத்தானே நானும் சொல்லுதேன். நான் சொன்னா மட்டும் ஏன் ரெண்டு நாளைக்கு சோறு கெடையாது?' நீங்கள் சுற்றிப் போடுவதில்லை என்றேன். ரொட்டியைத் தாருங்கள் என்று கையை நீட்டினேன். முட்டை ஆறி, வெங்காயம் விறைத்து, காகிதம் ஒட்டிப்போயிருந்தது. நான் முழுசையும் தின்றேன்.